பேஸ்மென்டில் ஒரு டிரம்மர்

மனைவிக்கு சான்டா கிளாராவில் வேலை கிடைத்தபோது நானும் கூடப் போயிருக்கலாம். வா என்று அவள் சொல்லவில்லை, வருகிறேன் என்று நானும் சொல்லவில்லை. எங்களுக்குள் பெரிய சண்டை எதுவும் நடந்ததில்லை. பேச்சு மெல்ல மெல்லக் குறைந்து, பால் தீர்ந்துவிட்டது, மகளை டான்ஸ் கிளாஸிலிருந்து கூட்டிவர வேண்டும் என்பதோடு நின்றுபோயிருந்தது. அவளும் மகளும் கலிஃபோர்னியாவில் டப்ளினுக்குக் குடிபோனார்கள். நான் எடிசனில் இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு நெவார்க்கில், அலுவலகத்துக்கு நடந்தே போகும் தூரத்தில், ஒரு மாடிப் போர்ஷனுக்கு வந்தேன்.

"நெவார்க்லயா? வெஸ்ட் வின்ட்சர் பக்கம் பாத்திருக்கலாமேடா, நம்ம ஆளுங்க இருப்பாங்க" என்றான் கல்லூரி நண்பன் ஒருவன். நம்ம ஆளுங்க இல்லாத இடம் என்பதால்தான் அங்கே போனேன். கோயிலிலும் மளிகைக் கடையிலும் "வைஃப் வரலையா?" என்று கேட்க அங்கே யாரும் இல்லை.

அந்தத் தெருக்கள் போர்த்துகீசியர்களுடையவை. பேக்கரி, மீன் கடை, கால்பந்து ஓடும் காபிக் கடை எல்லாவற்றிலும் அவர்கள் பேச்சுதான். என் வீட்டுக்காரரும் அவர்களில் ஒருவர். அறுபதைத் தாண்டியவர், குள்ளமான, அகன்ற தோள்களுள்ள மனிதர். வாழ்நாளெல்லாம் பாத்ரூம்களுக்கு டைல்ஸ் ஒட்டியவர். மனைவி இறந்துவிட்டார். ஒரே மகன் டெக்ஸாஸில் ஹூஸ்டன் பக்கம். கீழ்வீட்டில் தனியாக இருந்தார். பார்த்தால் கையைத் தூக்குவார், நானும் தூக்குவேன். நான் ஏதாவது கேட்டால் "எஸ், எஸ்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். என் உச்சரிப்பு புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சில மாதங்கள் அப்படியே போயின. அலுவலகத்திலும் பாதிப் பேர் வீட்டிலிருந்தே வேலை செய்தார்கள். வெள்ளிக்கிழமை மாலை குட்பை சொல்லிவிட்டு வந்தால் திங்கட்கிழமை காலைவரை யாரிடமும் பேசாமல் இருந்த வாரங்கள் உண்டு. ஒரு திங்கட்கிழமை லிஃப்டில் ஒருவருக்கு குட்மார்னிங் சொன்னபோது குரல் கட்டிக்கொண்டு வெளியே வரவே இல்லை.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை காலை வெந்நீர் வரவில்லை. கீழே போய் வீட்டுக்காரரின் பெல்லை அடித்தேன், பதில் இல்லை. பேஸ்மென்ட் கதவு திறந்திருந்தது. ஹீட்டரை நானே பார்த்துவிடலாம் என்று படியிறங்கினேன். பாதிப் படியில் பெரிய சத்தம் ஒன்று தொடங்கியது. சுவர் அதிர்ந்தது, கைப்பிடிக் கம்பி என் உள்ளங்கையில் நடுங்கியது. எட்டிப் பார்த்தால், சலவை மெஷினுக்கு அந்தப் பக்கம் பெரிய டிரம்ஸ் செட். பனியனும் வேலைக்குப் போடும் பேன்ட்டுமாக வீட்டுக்காரர் எனக்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார். நான் அலுவலகத்தில் இருக்கும் பகல்நேரத்தில்தான் வாசிப்பார் போலிருக்கிறது, அதுவரை மாடியில் கேட்டதே இல்லை. இரண்டு கால்களும் ஓடின, மேலே இரண்டு கைகளும் வேறெங்கோ ஓடின.

"எக்ஸ்க்யூஸ் மீ" என்றேன். இரைச்சலில் கேட்டிருக்காது. அவர் நிறுத்தினார், துண்டால் முகத்தைத் துடைத்தார். மறுபடியும் கூப்பிட்டேன். பேஸ்மென்ட் நிசப்தமாக இருந்தது. அவர் திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். அவர் நிதானமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. விளக்கு வெளிச்சத்தில் என் நிழல் அவர் முன்னால் விழுகிற மாதிரி நகர்ந்து நின்றேன். திடுக்கிட்டுத் திரும்பினார்.

"எவ்வளவு நேரமா நிக்கறீங்க?"

அவருடைய ஆங்கிலம் கட்டிட வேலையில் கற்றது, என்னுடையது ஈரோட்டில் கற்றது. நினைவிலிருப்பதைத் தமிழில்தான் எழுத முடிகிறது.

"இப்பதான் வந்தேன். வெந்நீர் வரல."

என் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காதைத் தொட்டுக் காட்டினார். "இது போச்சு. இடது பக்கம் சுத்தமா இல்ல. வலது பக்கம் கொஞ்சம், நேரா நின்னு பேசினா. மெஷின் வாங்கிக் குடுத்தான் மகன். அதைப் போட்டா உலகமே எண்ணெய்ல பொரியற மாதிரி இருக்கு." ஹீட்டரைப் பற்ற வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "காபி குடிப்பீங்களா?"

இப்படித்தான் சனிக்கிழமைக் காபி தொடங்கியது. அவர் எதிரில், முகம் தெரிகிற மாதிரி உட்கார வேண்டும். மெதுவாகப் பேச வேண்டும். ஆனால் அவர் பேசுவதற்குத் தடை ஏதும் இல்லை. பல வருடங்களாக யாரிடமும் சொல்லாததை அந்தச் சமையலறை மேஜையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

அவர்களுடைய பேண்டில் நான்கு பேர். லிஸ்பனுக்கு எதிரே, ஆற்றின் அக்கரையில் ஒரு தொழிற்சாலை ஊர். சர்வாதிகாரம் முடிந்து சில வருடங்களே ஆகியிருந்தன. எல்லோரும் எதையாவது சத்தமாகச் சொல்ல ஆசைப்பட்ட காலம் என்றார். கிதார் வாசித்தவனுக்கு பிரான்ஸிலிருந்த மாமா பையன் கிதாரும் சில இசைத்தட்டுகளும் கொண்டுவந்து கொடுத்தான். பேஸ் கிதார்க்காரன் ரேடியோ ரிப்பேர் செய்பவன், பழைய ரேடியோக்களைப் பிரித்து அவனே ஆம்ப்ளிஃபயர் கட்டினான். இவருடைய முதல் டிரம்ஸ் ஊர்த் தீயணைப்புப் படையின் பேண்டு வாத்தியக் கோஷ்டி கழித்துப் போட்டது. பாடகன் கப்பல் பட்டறையில் வெல்டர். "அவன் குரலுக்கு மைக்கே வேண்டாம். பட்டறைச் சத்தத்துல பேசிப் பழகினவன்."

போர்த்துகலில் ஹெவி மெட்டல் என்ற அதிரடி ராக் இசையைச் சொந்த மொழியில் பாடி இசைத்தட்டு போட்ட முதல் ஆட்கள் நாங்கள்தான் என்று சொன்னார். பெருமையாகக்கூடச் சொல்லவில்லை, மழை பெய்தது என்பதைப் போலச் சொன்னார். மீன் கொண்டுபோகும் வேனில் ஊர் ஊராகப் போனார்கள். ஒரு கிராமத்துப் புனிதர் திருவிழாவில் வாசித்தபோது கறுப்புத் துணியைச் சேலை மாதிரி போர்த்திக்கொண்ட கிழவிகள் முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்து கடைசிப் பாட்டுவரை எழுந்திருக்கவில்லையாம். "பிடிச்சுதா, பிடிக்கலையான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது." ஒருமுறை இங்கிலாந்திலிருந்து வந்த பெரிய பேண்டுக்கு முன்னால் வாசிக்க இவர்களைக் கூப்பிட்டார்கள். அரங்கம் நிறைந்த கூட்டம், இவர்கள் பாட்டை மொத்தக் கூட்டமும் திருப்பிப் பாடியது. அதுதான் உச்சம்.

அதற்குப் பிறகு வெளிநாட்டில் விற்க வேண்டும் என்று இரண்டாவது ஆல்பத்தை ஆங்கிலத்தில் செய்யச் சொன்னார்கள் இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்கள். பாடகனுக்கு ஆங்கிலம் தெரியாது. அர்த்தம் புரியாமல் ஒலியை மட்டும் மனப்பாடம் செய்து பாடினான். வெளிநாட்டுக்காரர்களுக்குப் புரியவில்லை, உள்ளூர்க்காரர்கள் கோபித்துக்கொண்டார்கள். இவருக்குக் குழந்தை பிறந்தது. மனைவியின் அண்ணன் நெவார்க்கில் டைல்ஸ் வேலை செய்துகொண்டிருந்தார். ஒரே வருடம், கொஞ்சம் சேர்த்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று நண்பர்களிடம் சொல்லிவிட்டு விமானம் ஏறினார். திரும்பவில்லை. அவர்கள் வேறொரு டிரம்மரை வைத்துப் பார்த்தார்கள், ஒட்டவில்லை. பேண்டு கலைந்தது. பாடகன் அதன் பிறகு இவரிடம் பேசவே இல்லை.

"அந்தக் கணக்கு முழுசும் இந்தக் காதுலதான் இருக்கு" என்றார். "டிரம்ஸ் பாதி தின்னுச்சு, டைல்ஸ் வெட்டற மெஷின் பாதி. ரெண்டுக்கும் சமமா குடுத்திருக்கேன்."

நான் சினிமாப் பாட்டு கேட்டு வளர்ந்தவன். ஹெவி மெட்டல் எனக்கு வெறும் இரைச்சல். அதை அவரிடம் சொல்லவில்லை. ஆனால் ஒரு மார்ச் மாதச் சனிக்கிழமை அவர் தன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தார். முதல்முறையாக என் கதவைத் தட்டினார். லிஸ்பனில் சில இளைஞர்கள் அந்த முதல் ஆல்பத்தை மறுபடி வெளியிடப் போகிறார்களாம். பழைய ஒலிநாடாவைச் சுத்தம் செய்து அனுப்பியிருக்கிறார்கள், நான்கு பேரும் கேட்டுச் சரி என்று சொல்ல வேண்டும்.

"நீங்க கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

"எனக்கு இதைப் பத்தி ஒண்ணும் தெரியாதே."

"காது இருக்கில்ல? போதும்."

ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டேன். அவர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு என் முகத்தையே பார்த்தார். முதலில் கிதார், பிறகு அந்தக் குரல். அதன் அடியில் டிரம்ஸ். "பெரிய டிரம் எப்படி இருக்கு?" என்று கேட்டார். யோசித்து, "மரப்படியில பூட்ஸ் போட்டுக்கிட்டு ஒருத்தன் வேகமா இறங்கி ஓடற மாதிரி" என்றேன். அவர் முகம் விரிந்தது. "அப்ப சரி! அப்படித்தான் இருக்கணும். சிம்பல், அந்தப் பித்தளைத் தட்டு?" "கூசுது. கண்ணாடி உடையற மாதிரி." "அது தப்பு. குறைக்கச் சொல்றேன்." ஒவ்வொரு பாட்டாகப் போனோம். நான் சொல்வதைத் தன் மொழியில் தட்டச்சு செய்தார். நடுவில் ஓர் இடத்தில் எனக்கு எங்கள் ஊர்க் கோயில் தேரோட்டம் ஞாபகம் வந்து, தவில் என்று ஒன்று உண்டு என்று சொன்னேன். என்ன அது என்றார். ஃபோனில் ஒரு வீடியோ போட்டுக் காட்டினேன். கேட்க முடியாதென்றாலும் கண் இமைக்காமல் பார்த்தார்.

"ஒரு கையில குச்சி, ஒரு கையில விரல்" என்றார். "விரல்ல ஏதோ மாட்டியிருக்கான். உக்காந்த இடத்துலேருந்து இவ்வளவா?" மறுபடி போடச் சொன்னார். மேஜை விளிம்பில் அதை வாசித்துப் பார்த்தார், வரவில்லை, சிரித்தார்.

அவர் போன பிறகும் ஹெட்ஃபோனைக் கழற்றாமல் இன்னொருமுறை முழுதாகக் கேட்டேன். பிடித்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த வீட்டில் அன்று முழுக்க ஒரு மனிதன் ஓடிக்கொண்டிருந்தான்.

ஆல்பம் வெளிவந்ததும் அந்தத் தெருவிலிருந்த போர்த்துகீசிய சங்கம் மற்ற மூன்று பேரையும் நெவார்க்குக்கு அழைத்தது. ஜூன் மாதம் தெருவெல்லாம் அவர்களுடைய திருவிழா நடக்கும், அப்போது சங்கத்தின் ஹாலில் ஒரு நிகழ்ச்சி. வீட்டுக்காரருக்குத் தூக்கம் போய்விட்டது. சலவை மெஷின் அருகே தினமும் மாலையில் பயிற்சி செய்தார். "காது விஷயம் அவங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். பேச்சை மாற்றினார். உதட்டைப் படிக்கத் தெரிந்தவர், கேட்கப் பிடிக்காதபோது வேறு பக்கம் பார்த்துவிடுவார்.

விமான நிலையத்துக்கு என் காரில்தான் போனோம். கிதார்க்காரர் மெலிந்து கண்ணாடி போட்டிருந்தார், பேஸ்காரர் வந்ததும் வீட்டுக்காரரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பாடகர் கடைசியாக வந்தார். உயரமான, நரைத்த தலைமுடி தோளில் விழும் மனிதர். பட்டறை மூடிய பிறகு பஸ் ஓட்டினாராம். கை மட்டும் கொடுத்தார். வீட்டுக்காரர் முன்சீட்டில் என் பக்கத்தில், அவர்கள் மூவரும் பின்னால்.

கார் ஹைவேயில் ஏறியதும் பாடகர் பேச ஆரம்பித்தார். மெதுவாகத்தான் ஆரம்பித்தார். போகப்போகக் குரல் ஏறியது. எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை, ஆனால் கோபத்துக்கு மொழி வேண்டியதில்லை. சீட்டின் பின்புறத்தைக் கையால் தட்டினார். பிறகு குரல் உடைந்தது. பின்னால் மற்ற இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள் என்பது கண்ணாடியில் தெரிந்தது. வீட்டுக்காரர் நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தார்.

பாடகர் ஓய்ந்தார். கிதார்க்காரர் என்னிடம் ஆங்கிலத்தில் தாழ்ந்த குரலில் சொன்னார்: "இதைச் சொல்றதுக்காகவே இத்தனை வருஷம் காத்திருந்தான். இவன் ஒரு வார்த்தைகூடத் திருப்பிச் சொல்ல மாட்டேங்கறானே."

அந்த நேரம் வீட்டுக்காரர் பின்னால் திரும்பி, மலர்ந்த முகத்தோடு போர்த்துகீசியத்தில் ஏதோ கேட்டார். பின்னர் தெரிந்தது, பசிக்கிறதா என்று கேட்டிருக்கிறார்.

பாடகரின் முகம் சிவந்துபோனதைக் கண்ணாடியில் பார்த்தேன். இனி சும்மா இருக்கக்கூடாது என்று தோன்றியது. "அவருக்குக் காது கேக்காது" என்றேன் ஆங்கிலத்தில். "இடது காது முழுசாப் போச்சு. உங்களைப் பார்த்தாத்தான் புரியும். நீங்க பேசினது எதுவும் அவருக்குக் கேட்டிருக்காது."

கிதார்க்காரர் மொழிபெயர்த்தார். வீட்டுக்காரர் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்து, தெரிந்துவிட்டது என்று புரிந்துகொண்டு, முன்பக்கம் திரும்பிக் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். அப்போது பாடகர் முன்னால் சாய்ந்து, தன் பெரிய கையை அவர் தோளில் வைத்தார். வீடு வரும்வரை எடுக்கவில்லை. சொன்னதை மறுபடி சொல்லவும் இல்லை என்று பிற்பாடு வீட்டுக்காரர் சொன்னார். "என்ன சொன்னான்னு கேட்டேன். மறந்துபோச்சுன்னுட்டான்."

ஒத்திகை பேஸ்மென்டில்தான். மாடியில் என் டம்ளர்கள் அலமாரியில் ஆடின. கீழே அவர்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். பேஸ் ஆம்ப்ளிஃபயரை டிரம்மரின் ஸ்டூலுக்கு ஒட்டி வைத்துவிட்டார்கள், அதிர்வு முதுகெலும்பில் ஏறும். பாடகர் கூட்டத்தை நேராகப் பார்க்காமல் பக்கவாட்டில் நின்று பாடுவார், இவருக்கு உதடு தெரிகிற மாதிரி.

நிகழ்ச்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். ஹால் பாதிதான் நிறைந்தது. அநேகம் வயதானவர்கள், பேரப்பிள்ளைகளைக் கூட்டிவந்திருந்தார்கள். மேடைக்கு அருகே மட்டும் கறுப்புச் சட்டை, நீண்ட முடியோடு இளைஞர்கள் சிலர். பென்சில்வேனியாவிலிருந்து கார் ஓட்டி வந்தவர்களாம், போர்த்துகீசியர்கள்கூட இல்லை. அவர்களுக்கு ஒவ்வொரு வார்த்தையும் தெரிந்திருந்தது. மூன்றாவது பாட்டில் வீட்டுக்காரர் தடம் தவறினார். கிதார் ஓரிடத்திலும் டிரம்ஸ் ஓரிடத்திலும் போய், எல்லாம் நின்றது. பாடகர் மைக்கில் ஏதோ சொன்னார், ஹாலே சிரித்துக் கைதட்டியது. அவர் டிரம்ஸுக்கு நேர் எதிரே போய், கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காலால் தரையை ஓங்கி மிதித்துத் தாளம் கொடுத்தார். அந்தப் பாட்டு முழுவதையும் அவர் டிரம்மருக்கு மட்டுமே பாடினார்.

இதை யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும் போலிருந்தது. சுற்றிலும் எல்லோரும் தங்கள் ஆட்களோடு நின்றிருந்தார்கள். மகளுக்கு வீடியோ கால் செய்தேன்.

"அப்பா? வெயிட், வேர் ஆர் யூ?"

"கான்சர்ட்மா. நம்ம வீட்டுக்காரர் வாசிக்கறாரு, பாரு."

"நோ வே. இஸ் தட் மெட்டல்? யூ?"

ஃபோனைத் தூக்கிப் பிடித்தேன். அந்தப் பாட்டு முடியும்வரை அவள் துண்டிக்கவில்லை. கை வலித்தது, மாற்றிக்கொள்ளாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். "தட் வாஸ் கைண்ட் ஆஃப் அமேசிங். ஐ ஹேவ் டு கோ, அப்பா, ரைடு வந்துடுச்சு" என்றாள். அந்த "வந்துடுச்சு" எனக்குப் போதுமானதாக இருந்தது.

நண்பர்களோடு சில வாரம் இருந்துவிட்டு வருகிறேன் என்று வீட்டுக்காரர் அவர்களுடனேயே போர்த்துகலுக்குப் போனார். இந்த முறை அங்கிருந்து திரும்பவில்லை. கிதார்க்காரர் வீட்டுப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு கிடைத்ததாம். மகன் ஹூஸ்டனிலிருந்து வந்து நெவார்க் வீட்டை விற்றான். டிரம்ஸை மட்டும் கப்பலில் அனுப்பினான். பேஸ்மென்டில் கடைசியாக இறங்கிப் பார்த்தபோது அது இருந்த இடத்தில் தரை வேறு நிறத்தில் இருந்தது.

நண்பன் சொன்னபடியே வெஸ்ட் வின்ட்சருக்கு, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் அபார்ட்மென்டுக்கு வந்துவிட்டேன். மாலையில் சாம்பார் வாசனையும் குழந்தைகள் சத்தமும் வரும். வீட்டுக்காரரோடு ஃபோனில் பேச முடியாது. வீடியோவில் முயன்றோம், படம் உறைந்து உறைந்து வந்தது, என் உதட்டை அவரால் படிக்க முடியவில்லை, இருவரும் சும்மா கையைத் தூக்கிக் காட்டிவிட்டு வைத்துவிட்டோம். அவருக்கு எழுதவும் சோம்பல். எப்போதாவது ஒரு படம் வரும்: சுட்ட மத்தி மீன், ஆற்றில் போகும் படகு, அந்த நான்கு பேரும் ஒரு மேஜையில். நானும் ஏதாவது படம் அனுப்ப வேண்டும் என்று ஃபோனை எடுப்பேன். எதை எடுப்பது என்று தெரியாமல் வைத்துவிடுவேன்.

அபார்ட்மென்டில் சுவர் மெல்லியது. அதனால் ஆல்பத்தைக் காரில்தான் கேட்பேன். சென்ற சனிக்கிழமை காலை பார்க்கிங்கில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது யாரோ ஜன்னலைத் தட்டினார்கள். மாடியில் புதிதாக வந்திருக்கும் கோயம்புத்தூர்க்காரர், கையில் மளிகைப் பை. கண்ணாடியை இறக்கினேன்.

"எல்லாம் ஓகேங்களா? வண்டி ரொம்ப நேரமா ஸ்டார்ட்லயே நிக்குது, அதான் பார்த்தேன்."

"ஓகேதாங்க. பாட்டு கேட்டுட்டிருக்கேன்."

குனிந்து ஒரு நிமிடம் கேட்டார். "என்ன பாஷைங்க இது?"

"போர்த்துகீஸ்."

"அர்த்தம் தெரியுங்களா?"

"தெரியாதுங்க. டிரம்ஸுக்காகக் கேக்கறேன்."

தலையாட்டினார். பொழுது போகாவிட்டால் மேலே வாருங்கள், மதியம் வீட்டில்தான் இருப்போம் என்றார். சரிங்க, பார்க்கறேன் என்றேன். அவர் போனதும் கண்ணாடியை ஏற்றினேன். ஆல்பத்தில் இன்னும் நான்கு பாட்டுகள் மிச்சமிருந்தன.